கர்ப்பத்தில் அம்மாவுக்கு வரும் தொற்று, குழந்தையின் நோய் எதிர்ப்பு சக்தியை மாற்றுமா? டெல்டாவின் யானைக்கால் வரலாறு சொல்லும் பாடம்

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் 40 வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால் இந்தக் காட்சியை நினைவிலிருந்து சொல்வார்கள். ராத்திரி சாப்பாடு முடிந்து படுக்கப் போகும் நேரத்தில் சுகாதாரத் துறை ஊழியர்கள் கதவைத் தட்டுவார்கள். விரல் நுனியில் ஊசி குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் போவார்கள். யானைக்கால் நோய்க்கான சோதனை அது. அந்த நோயின் நுண்புழுக்கள் பகலில் உடலுக்குள் ஒளிந்துகொண்டு இரவில்தான் ரத்தத்தில் உலவும். அதனால்தான் அந்த நேரம்.

வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்து, அவர் ரத்தத்தில் அந்தப் புழு இருந்தால் என்ன ஆகும்? அவருக்குக் கால் வீங்காமலேயே இருக்கலாம். காய்ச்சல்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் வயிற்றில் வளரும் குழந்தை? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில் தேடி வருகிறார்கள். கிடைத்த பதில் யானைக்காலோடு நிற்கவில்லை. டெங்கு, ரூபெல்லா, மஞ்சள் காமாலை, குடற்புழு என்று போகிறது. குழந்தைக்குப் போடும் தடுப்பூசி எவ்வளவு வேலை செய்யும் என்பது வரை வந்து நிற்கிறது.

இதில் உறுதியானது எது, இன்னும் உறுதியாகாதது எது? பார்க்கலாம்.

டெல்டாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என காவிரி டெல்டா முழுக்கத் தண்ணீர் நாடு. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வயலில் நடவு, களை பறிப்பு என்று சேற்றில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எந்திர நடவு வந்த பிறகும் கைவேலை முழுதாகப் போய்விடவில்லை. கர்ப்பமான முதல் சில மாதங்களில் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு.

தண்ணீர் இருக்கும் இடத்தில் நோயும் இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே தண்ணீரில் இருந்து வருவதில்லை.

- யானைக்கால் புழுவைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு, வயலில் அல்ல, ஊருக்குள் தேங்கும் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வளர்கிறது.
- டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டு வாசலில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை, மூடாத தொட்டியில் நிற்கும் நல்ல தண்ணீரில் வளர்கிறது.
- எலிக்காய்ச்சல் கிருமி, எலியின் சிறுநீர் கலந்த வயல் நீர், மழைநீர் வழியாகத் தோலில் இருக்கும் சிறு காயத்தில் நுழைகிறது.
- கொக்கிப்புழு, செருப்பில்லாத காலின் வழியே மண்ணில் இருந்து உடலுக்குள் ஏறுகிறது.

இந்த நான்கில் எது வந்தாலும் கர்ப்பிணிக்கு அது ஒருவரின் நோய் அல்ல, இருவரின் விஷயம்.

பிறந்த குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி எங்கிருந்து வருகிறது?

பிறந்த குழந்தையின் உடல் கிருமிகளோடு சண்டை போட்டுப் பழகியதில்லை. முதல் சில மாதங்கள் அது பெரும்பாலும் அம்மாவிடம் வாங்கிய கடனில்தான் ஓடுகிறது.

நம் ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள் உண்டு. அவற்றுக்கு ஆன்டிபாடி என்று பெயர். அதில் ஐஜிஜி என்ற வகை மட்டும் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும். அது தானாகக் கசிந்து போவதில்லை. நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு ஏற்பி அதைப் பிடித்து அந்தப் பக்கம் சேர்க்கிறது. இந்தக் கடத்தல் நான்காவது மாதவாக்கில் மெல்லத் தொடங்கி, கடைசி மூன்று மாதங்களில்தான் வேகம் பிடிக்கிறது. மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் ஐஜிஜி அளவு அம்மாவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஏன் சட்டென்று தொற்று வருகிறது என்பதற்கு ஒரு காரணம் இங்கேயே இருக்கிறது. முக்கியமான பங்கு வந்து சேர்வதற்கு முன்பே அது வெளியே வந்துவிடுகிறது.

பிறந்த பிறகு சீம்பாலும் தாய்ப்பாலும் ஐஜிஏ என்ற இன்னொரு வகை ஆன்டிபாடியைக் கொடுத்துக் குடலையும் தொண்டையையும் காக்கின்றன. ஐஜிஜி கடன் மாதங்கள் போகப் போகக் கரைந்துகொண்டே வரும். தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியை 9 மாதம் முடிந்து போடுவதற்குக் காரணமும் இதுதான். அதற்கு முன் போட்டால், மிச்சமிருக்கும் அம்மாவின் ஆன்டிபாடியே தடுப்பூசியை அடக்கிவிடக்கூடும்.

அம்மாவின் தொற்று குழந்தையை எப்படித் தொடுகிறது?

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, கிருமியே குழந்தைக்குப் போய்ச் சேர்வது. ரூபெல்லா இதற்குத் தெளிவான உதாரணம். முதல் மூன்று மாதத்தில் அம்மாவுக்கு வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். அதைத் தடுக்கத்தான் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஹெபடைடிஸ் பி இன்னொரு உதாரணம். பெரியவர்களுக்கு இந்த வைரஸ் வந்தால் பெரும்பாலோர் உடல் அதை விரட்டிவிடும். பிரசவத்தின்போது குழந்தைக்கு வந்தால் சுமார் 90% பேருக்கு அது நாள்பட்ட தொற்றாக உடலிலேயே தங்கிவிடும். கிருமியை எதிரி என்று அடையாளம் காண அந்தப் பிஞ்சு உடலுக்கு இன்னும் தெரியவில்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி போட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இரண்டாவது வழி, கடத்தல் குறைவது. மலேரியா, எச்.ஐ.வி போன்ற தொற்று அம்மாவுக்கு இருந்தால் நஞ்சுக்கொடி வழியாக ஐஜிஜி போகும் அளவு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழந்தைக்கு அந்தக் கிருமி போகாமல் இருந்தாலும், கவசம் மெலிந்து போய்விடுகிறது.

மூன்றாவது வழி, பழக்கப்படுத்துவது. கிருமி குழந்தைக்குப் போகாமலேயே, அதன் புரதத் துணுக்குகளோ அம்மாவின் உடல் சுரக்கும் ரசாயன சமிக்ஞைகளோ கருவின் எதிர்ப்பு மண்டலத்துக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்துவிடும். அந்தப் பாடம் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம்.

2021-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கர்ப்பமான எலிகளுக்கு லேசான, சீக்கிரம் குணமாகும் குடல் தொற்று ஒன்றைக் கொடுத்தார்கள். குட்டிகளுக்குக் கிருமி போகவில்லை. ஆனால் அந்தக் குட்டிகள் வளர்ந்த பிறகு குடல் தொற்றை நன்றாக எதிர்த்தன. கூடவே, குடல் அழற்சி நோய்க்கும் எளிதில் ஆளாகின. இது எலிகளில் பார்த்தது, மனிதர்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் "ஒரு கை கொடுத்து மறு கை வாங்கும்" கணக்கு இதில் இருக்கிறது என்பது புரிகிறது.

யானைக்கால் ஆய்வு: 17 ஆண்டுகள் கழித்தும் தெரிந்த தடம்

இந்த மூன்றாவது வழிக்கு மனிதர்களிடம் கிடைத்த முக்கியமான சான்று யானைக்கால் நோயில் இருந்துதான் வந்தது. இடம், பசிபிக் கடலில் குக் தீவுகளைச் சேர்ந்த மௌக்கே என்ற குட்டித் தீவு.

1970-களின் நடுவில் அந்தத் தீவு மக்களிடம் யானைக்கால் நுண்புழு சோதனை நடந்தது. 1992-ல் ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். முதல் சோதனை நடந்த காலத்தில் பிறந்த குழந்தைகள் அப்போது 17, 18 வயதுப் பிள்ளைகளாக வளர்ந்திருந்தார்கள். அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள்: அம்மாவின் ரத்தத்தில் அன்று நுண்புழு இருந்தவர்கள், இல்லாதவர்கள். நுண்புழு இருந்த அம்மாக்களின் பிள்ளைகளுடைய எதிர்ப்பு செல்கள், அந்தப் புழுவின் புரதத்தைப் பார்த்ததும் குறைவாகவே கிளர்ந்தன. இந்த முடிவு 1994-ல் லான்செட் இதழில் வந்தது.

எளிமையாகச் சொன்னால், கருவில் இருந்தபோதே அந்தப் புழு "தெரிந்த முகம்" ஆகிவிட்டது. தெரிந்த முகத்தைப் பார்த்து வீட்டு நாய் குரைக்காது இல்லையா? அதுபோலத்தான். 17 ஆண்டுகள் கழித்தும் உடல் குரைக்கவில்லை.

அதே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இந்த நோய் வருவதைப் பார்த்து "பரம்பரை வியாதி" என்று சொல்லும் பழக்கம் நம்மூரில் உண்டு. யானைக்கால் பரம்பரை நோய் அல்ல, கொசு கடித்தால்தான் வரும். ஆனால் ஒரே வீடு, ஒரே சாக்கடை, ஒரே கொசு என்பதோடு, அம்மாவின் தொற்றுக்குக் கருவிலேயே பழகிப்போவதும் ஒரு பங்கு வகிக்கலாம் என்ற சந்தேகத்தை இந்த ஆய்வு எழுப்பியது.

தடுப்பூசி வேலை செய்யாமல் போகுமா?

இங்கேதான் கவலை கூடுகிறது. புழுவுக்குப் பழகிய உடல், மற்ற விஷயங்களிலும் மந்தமாகிவிடுமா?

கென்யாவின் கடற்கரைப் பகுதியில் யானைக்கால், சிஸ்டோசோமா புழுக்கள் பரவலாக இருந்த ஊர்களில் 1990-களில் இதைப் பார்த்தார்கள். பிறந்ததும் பிசிஜி ஊசி போட்ட குழந்தைகளை ஒரு வயதுவாக்கில் சோதித்தபோது, கருவிலேயே புழுக்களின் புரதத்துக்குப் பழகியிருந்த குழந்தைகளிடம் காசநோய்க்கு எதிரான செல்களின் துலங்கல் வெகுவாகக் குறைந்திருந்தது. அதே நாட்டில் 2015-ல் வெளியான இன்னொரு ஆய்வில், கர்ப்ப காலத்தில் ஒட்டுண்ணித் தொற்று இருந்த அம்மாக்களின் குழந்தைகளுக்கு ஹிப், தொண்டை அடைப்பான் தடுப்பூசிகளுக்கான ஆன்டிபாடி குறைவாக உருவானது தெரிந்தது. இந்த இரண்டு தடுப்பூசிகளும் நம்மூரில் 6, 10, 14-வது வாரங்களில் போடும் ஐந்து நோய் தடுப்பூசியில் இருப்பவை.

அப்போ, அம்மாவுக்குப் புழு மாத்திரை கொடுத்துவிட்டால் பிரச்சனை தீர்ந்துவிடுமா? அவ்வளவு சுலபம் இல்லை.

உகாண்டாவின் என்டபே நகரில் 2,507 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்குக் குடற்புழு மாத்திரையான அல்பெண்டசோல், இன்னொரு பிரிவுக்கு வெற்று மாத்திரை. குழந்தைகளுக்கு ஒரு வயதானபோது பார்த்தால், பிசிஜி, டெட்டனஸ் தடுப்பூசிகளுக்கான துலங்கலில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2011-ல் லான்செட்டில் இது வெளியானது. எதிர்பாராத இன்னொன்றும் தெரிந்தது: மாத்திரை சாப்பிட்ட அம்மாக்களின் குழந்தைகளுக்கு எக்ஸிமா என்ற தோல் அரிப்பு கொஞ்சம் அதிகமாக வந்தது.

ஆக, இன்றைய நிலவரம் இதுதான். அம்மாவின் ஒட்டுண்ணித் தொற்று குழந்தையின் எதிர்ப்பு மண்டலத்தில் தடம் பதிக்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆய்வகத்தில் தெரியும் அந்தத் தடம் நிஜ வாழ்க்கையில் எத்தனை குழந்தைகளை நோயில் தள்ளுகிறது என்பது முடிவாகவில்லை. "அம்மாவுக்குப் புழு இருந்தது, அதனால் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டும் பிரயோஜனமில்லை" என்று யாராவது சொன்னால் அது தவறு. சொல்லப்போனால், கவசம் மெலிந்திருக்க வாய்ப்புள்ள குழந்தைக்குத்தான் தடுப்பூசியைத் தேதி தவறாமல் போடுவது இன்னும் அவசியம்.

டெங்கு: கவசமே வம்பாகும் கதை

மழைக்காலத்தில் டெல்டாக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு நோய் டெங்கு. இதில் நான்கு வகை வைரஸ்கள் இருக்கின்றன. அம்மாவுக்கு முன்பு டெங்கு வந்திருந்தால் அந்த ஆன்டிபாடி குழந்தைக்கும் போகும். முதல் சில மாதங்கள் அது காக்கும். பிறகு அளவு குறையும்போது சிக்கல் தொடங்குகிறது. வைரஸைக் கொல்லப் போதாத, ஆனால் அதன்மேல் ஒட்டிக்கொள்ளப் போதுமான அளவு ஆன்டிபாடி மிச்சமிருக்கும் காலம் அது. அப்படி ஒட்டிய ஆன்டிபாடி, வைரஸ் செல்லுக்குள் நுழைய வழி திறந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

தாய்லாந்தின் பாங்காக் மருத்துவமனைகளில் அமெரிக்க ஆய்வாளர் ஸ்காட் ஹால்ஸ்டெட்டும் அவரது குழுவினரும் கவனித்தது இதைத்தான். முதன்முறை டெங்கு வந்தும், 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு அது தீவிரமாக மாறியது. ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் "பல் முளைக்குது, அதான்" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

அதே கடத்தல் நல்லதும் செய்யும்

அம்மாவின் ரத்தம் குழந்தைக்குப் பாடம் சொல்கிறது என்றால், நல்ல பாடத்தையும் சொல்ல வைக்கலாம். கர்ப்ப காலத்தில் போடும் டிடி ஊசி அதைத்தான் செய்கிறது. அம்மா உடலில் உருவாகும் ஆன்டிபாடி கருவுக்குப் போய், தொப்புள்கொடி வழியாக வரும் டெட்டனஸில் இருந்து குழந்தையைக் காக்கிறது. ஒரு காலத்தில் பிறந்த ஒரு வாரத்தில் குழந்தைகளைக் கொண்டுபோன நோய் இது. சுத்தமான பிரசவமும் இந்த ஊசியும் சேர்ந்து அதை விரட்டின. தாய்-சேய் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதை 2015-ல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது.

டெல்டாவில் யானைக்கால் முடிந்துபோன கதையா?

பெரும்பகுதி முடிந்திருக்கிறது. தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-ல் தொடங்கியது. ஊர் முழுக்க எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை டி.இ.சி மாத்திரை கொடுக்கும் முறை 1990-களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் ஆரம்பித்தது. தஞ்சாவூர் மாவட்டத்தில் எட்டுச் சுற்று மாத்திரை கொடுத்த பிறகு புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர் நடத்திய ஆய்வு 2012-ல் வெளியானது. நோய் வெகுவாகக் குறைந்திருந்தது, ஆனால் ஆங்காங்கே சில இடங்களில் மிச்சம் இருந்தது. தமிழ்நாட்டின் பெரும்பாலான பாதிப்பு மாவட்டங்கள் இப்போது மாத்திரைக் கட்டத்தைத் தாண்டி, கண்காணிப்புக் கட்டத்தில் இருக்கின்றன. பக்கத்து நாடான இலங்கை 2016-லேயே ஒழிப்புச் சான்று வாங்கிவிட்டது. இந்தியாவின் இலக்கு 2027.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. ஊருக்கே மாத்திரை கொடுக்கும்போது மூன்று தரப்பினருக்குக் கொடுக்க மாட்டார்கள்: 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள், தீவிர நோயாளிகள், கர்ப்பிணிகள். பாதுகாப்பு கருதி எடுத்த சரியான முடிவுதான். ஆனால் அதன் பொருள், கருவில் உள்ள குழந்தையைக் காக்க வேண்டுமென்றால் அம்மா கர்ப்பமாவதற்கு முன்பே, அதாவது பள்ளி, கல்லூரிப் பெண்ணாக இருக்கும்போதே அந்தப் புழு போயிருக்க வேண்டும். தெருவில் ஓடும் சாக்கடையை மூடுவதும் ஒரு வகையில் கர்ப்பகாலப் பராமரிப்புதான்.

டெல்டா கர்ப்பிணிகள் என்ன செய்யலாம்?

- கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். எச்.ஐ.வி, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் குழந்தைக்குப் போகாமல் தடுக்க வழி இருக்கிறது.
- டிடி ஊசி, இரும்புச்சத்து மாத்திரை இரண்டையும் விடாதீர்கள். இரண்டாவது மூன்று மாதத்தில் கொடுக்கும் ஒரு அல்பெண்டசோல் மாத்திரை, கொக்கிப்புழுவால் வரும் ரத்தசோகையைக் குறைக்கத்தான். உகாண்டா ஆய்வைக் காட்டி அதை மறுக்க வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் மட்டும் அது கூடாது.
- வயலில் வேலை பார்த்தவருக்கோ மழைக்காலத்திலோ காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காதீர்கள். எலிக்காய்ச்சலுக்குப் பொதுவாகக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் கர்ப்பிணிகளுக்கு ஏற்றதல்ல, மாற்று மருந்து இருக்கிறது. கர்ப்பிணி என்பதையும் சேற்றில் இறங்கியதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.
- கொசுவலை, மூடிய தண்ணீர்த் தொட்டி, காலில் செருப்பு. பழைய அறிவுரைதான், இன்றைக்கும் இதைவிட மலிவான மருந்து இல்லை.
- ரூபெல்லா தடுப்பூசி கர்ப்பத்தின்போது போடக் கூடாது. குழந்தை பெறத் திட்டமிடும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.
- பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். பிறந்தவுடன் பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி. பிறகு அட்டையில் உள்ள தேதிப்படி மற்றவை.

பழி யார் மேல்?

இது போன்ற ஆய்வுச் செய்திகள் வரும்போதெல்லாம் ஓர் ஆபத்து கூடவே வருகிறது. குழந்தைக்கு அடிக்கடி சளி, காய்ச்சல் என்றால் "மாசமா இருக்கும்போது நீ ஒழுங்கா இருந்தியா?" என்று மருமகளைப் பார்த்துக் கேட்கும் வாய்களுக்கு இது இன்னொரு ஆயுதமாகிவிடக் கூடாது.

கர்ப்ப காலத்தில் ஒருமுறை காய்ச்சல் வந்த பெரும்பாலான பெண்களுக்கு ஆரோக்கியமான குழந்தைதான் பிறக்கிறது. கொசு கடித்தது அம்மாவின் தப்பு இல்லை. மூடாத சாக்கடைக்கும், சேற்றில் இறங்கினால்தான் அன்றைய கூலி என்ற நிலைக்கும், பரிசோதனைக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்ற கணக்குக்கும் அவர் பொறுப்பல்ல. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் போன்றவை அந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றத்தான் வந்தன. அந்தப் பணம் பிரசவத்துக்குப் பிறகல்லாமல், வேலையை விட்டுப் பரிசோதனைக்குப் போக வேண்டிய மாதங்களிலேயே கைக்கு வந்து சேர்ந்தால்தான் அதற்குப் பலன்.

ராத்திரி கதவைத் தட்டிய அந்த ஊழியர்கள் தேடியது ஒரு சொட்டு ரத்தத்தில் ஒரு புழுவை. அந்த வீட்டில் அப்போது சின்னப் பெண்ணாக விரலை நீட்டியவர்கள் இன்று அம்மாக்கள். அவர்கள் ரத்தத்தில் புழு இல்லை என்றால், அதன் லாபம் அவர்களோடு முடியவில்லை. பிறந்திருக்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அது எழுதப்பட்டிருக்கிறது.